அவள் அழாததற்கு அவள் ஊர்தான் காரணமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருக்கிறேன். சொந்த ஊர் அவிநாசிக்குப் பக்கம். எங்கள் யூனிட்டில் பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்கள், மீதிப் பேர் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். போன மாதம் ஒடிசாப் பெண் ஒருத்தியின் அப்பா ஊரில் இறந்துவிட்டார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், செலவும் ஆகும் என்று அவள் போகவில்லை. மறுநாளே வேலைக்கு வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, டார்கெட்டும் குறையவில்லை. சூப்பர்வைசர் லைன் முன்னால் நிறுத்தி, "இவளைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். இப்போது இரண்டு வாரமாகத் தலைவலி, வயிற்றுவலி, கிறுகிறுப்பு என்று அடிக்கடி போய்ப் படுத்துக்கொள்கிறாள். இ.எஸ்.ஐ.யில் காட்டினோம், எல்லாம் நார்மல் என்றார்கள். உள்ளூர் அக்காமார்களோ மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்கூட மதியச் சோற்று நேரத்தில் அழுது தீர்த்துவிட்டு, மணியடித்ததும் மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். "வடக்கத்திப் பொண்ணுகளுக்கு மனசு கல்லு. இப்ப இவ டிமிக்கி குடுக்கறா" என்கிறார் மேனேஜர். இதற்கிடையில் ஜெர்மனியிலிருந்து வந்த பையர் (எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனி) தரப்புப் பெண்மணி, வேலையில் எவ்வளவு மனநிறைவு என்று ஐந்துக்கு மார்க் போடச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார். எல்லாரும் மூன்று போட்டுவிட்டார்கள். அவருக்கு அது புரியவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெண்ணுக்கும் மனசே வேறு வேறாகத்தான் அமைகிறதா? யாரை நான் எப்படி நடத்துவது?

பதில்: வணக்கம்ங்க. பெரிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பெண்ணை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மேனேஜர் அவசரப்பட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லலாம். டிமிக்கி கொடுக்கிறவள் அப்பா இறந்த மறுநாள் டார்கெட் முடித்திருக்க மாட்டாள், அன்றைக்கே கொடுத்திருப்பாள்.

இ.எஸ்.ஐ. சீட்டை எடுத்து, ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று பாருங்கள். சில சமயம் அந்த 'எல்லாம் நார்மல்' என்பது பிரஷரும் சுகரும் மட்டும்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒடிசாவில் 64 சதவீதம். ஹாஸ்டல் சாப்பாடும் ஒன்றரை ஷிஃப்டும் சேர்ந்தால் கிறுகிறுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ரத்தத்தைப் பார்க்காமலே 'எல்லாம் மனசுதான்' என்று முடிவு கட்டுவது பெண்கள் விஷயத்தில் ரொம்ப சகஜமாக நடக்கிற அநியாயம்.

ரத்தமும் சரியாக இருக்கிறது என்றால் அப்புறம் மனசுக்கு வருவோம். மனக்கஷ்டத்தை உடம்பு வலியாகச் சொல்வது நம் மாதிரி கீழை நாட்டுப் பெண்களின் பழக்கம், மேலைநாட்டுப் பெண்கள் மனசை மனசாகவே சொல்வார்கள் என்று ஒரு பேச்சு எங்கள் மனநலத் துறையிலேயே ரொம்ப நாளாக உண்டு. உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் 15 மையங்களில் சேகரித்த தகவலை வைத்து 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் பெங்களூரு அதில் ஒரு மையம். பாரிஸ், பெர்லின், சியாட்டில், ஷாங்காய் எல்லாம் உண்டு. மனச்சோர்வு இருந்த 1,146 பேரில், ஆணும் பெண்ணுமாக, 69 சதவீதம் பேர் டாக்டரிடம் வந்த காரணமாகச் சொன்னது உடம்புக் கோளாறுகளை மட்டும்தான். கீழை நாடு, மேலை நாடு என்று கோடு கிழிக்க முடியவில்லை. நேராகக் கேட்டபோதும் மனசில் ஒன்றுமில்லை என்று மறுத்தவர்கள் 11 சதவீதம்தான். இன்னொன்றும் தெரிந்தது: தன்னைத் தெரிந்த டாக்டர் என்று ஒருவர் இல்லாத இடங்களில்தான் உடம்பை மட்டும் சொல்கிறவர்கள் அதிகம்.

இதை உங்கள் ஹாஸ்டலில் வைத்துப் பாருங்கள். அவளைத் தெரிந்தவர் என்று அங்கே யார் இருக்கிறார்? இ.எஸ்.ஐ. டாக்டர் அவளை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். வார்டன் வருகைப்பதிவு எடுப்பவர். சூப்பர்வைசருக்கு அவள் ஒரு ஓவர்லாக் டெய்லர். பாஷை வேறு. 'இந்திக்காரப் பிள்ளைங்க' என்று எல்லாரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஒடிசாக்காரிக்கு இந்தி தாய்மொழியே இல்லை. ராயகடா, கந்தமால் மலைப்பக்கத்துப் பெண்ணாக இருந்தால் வீட்டில் ஒடியாகூட இல்லாமல் கூயி பேசியிருக்கலாம்; அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். ஆக அவள் உங்களிடம் பேசுவது இரண்டாவது, மூன்றாவது பாஷையில். வேலை செய்யும் இடத்தில் அரைகுறையாகக் கற்ற பாஷையில் தலைவலி, வயிற்றுவலி, லீவு, டார்கெட், மேடம் இவ்வளவும் சொல்லத் தெரியும். அப்பாவைப் பற்றி அந்தப் பாஷையில் என்ன சொல்வாள்?

இப்போது கல் மனசு. கெய்ரோவின் ஏழைக் குடியிருப்பிலும் பாலித் தீவிலும் தங்கிப் பார்த்து, சாவு வீட்டுத் துக்கத்தை ஒப்பிட்டு 1988-ல் எழுதியவர் உன்னி விக்கன் என்ற நார்வே நாட்டு மானுடவியலாளர். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தது முஸ்லிம் குடும்பங்கள், ஒரே மதம். கெய்ரோவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கதற வேண்டும், மாதக்கணக்கில் துவண்டு கிடக்கலாம். துக்கத்தை உள்ளே வைத்தால் கெடுதல் என்பது அங்கே நம்பிக்கை. பாலியில் முகம் தெளிவாக இருக்க வேண்டும். துக்கத்தைக் காட்டினால் தன் உடம்பும் கெடும், பக்கத்தில் இருப்பவர்களையும் அது பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. காதலனைப் பறிகொடுத்த இளம்பெண் சிரித்துப் பேசுவதை விக்கன் பார்த்திருக்கிறார். தோழிகள் கேலி செய்து சிரிக்க வைத்தார்களாம், அதுதான் அவர்கள் செய்யும் ஆறுதல். நெருங்கிப் பழகிய பிறகுதான் அந்தத் தெளிந்த முகத்துக்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

நம் பக்கம் கெய்ரோ கட்சி. எழவு வீட்டில் அழாமல் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிடும். "அழுதுடு கண்ணு" என்று யாராவது ஒரு அத்தை வந்து கட்டிக்கொள்வார். ஒப்பாரி தெரிந்த ஆத்தா ஒருவர் எடுத்துக் கொடுப்பார். கோடி போட ஒவ்வொரு சொந்தமாக வர வர அழுகை புதிதாகக் கிளம்பும். கருமாதி முடிவதற்குள் ஊரே சேர்ந்து உங்களை அழ வைத்து, சோறு போட்டு, தூங்க வைத்துவிடும். ஒடிசாவும் அப்படி வறண்ட ஊர் இல்லை. மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது அழுதுகொண்டே பாடுவதற்கென்று காந்தணா கீதம் என்ற பாட்டு மரபே அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊர்க்காரியை 'வடக்கத்திக் கல்லு' என்பது, விவரம் தெரியாமல் பேசுவது.

அவளும் ஊரில் இருந்திருந்தால் அழுதிருப்பாள். இங்கே யாரைக் கட்டிக்கொண்டு அழுவது? விளக்கணைக்கும் நேரம் என்று ஒன்று உண்டு, காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். முக்கியமாக, அவள் படுக்கிற கட்டில், சாப்பிடுகிற சோறு, வாங்குகிற சம்பளம் மூன்றும் ஒரே கம்பெனியுடையவை. 'இவ சரியில்ல' என்று ஒருவர் சொல்லிவிட்டால் மூன்றும் சேர்ந்து போகும். உள்ளூர் அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த கம்பெனி வேனில் ஏறிவிடுவார். அவரால் அழ முடிகிறது, அழுகிறார்.

ஆனால் உங்கள் உள்ளூர் அக்காமார்களைப் பற்றியும் சட்டென்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சோற்று நேரத்தில் என்னென்ன சொல்லி அழுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். மாமியார் வருவார், நங்கையாள் வருவார், நோம்பிக்குச் சீர் சரியாகச் செய்யாத அண்ணன் வருவார். எல்லாரும் சேர்ந்து 'உச்' கொட்டக்கூடிய வெசனங்கள் இவை. குழுக்கடன் தவணை, வீட்டுக்காரர் கை நீட்டியது, கலைந்துபோன கரு, இதெல்லாம் டிபன் பாக்ஸ் பக்கம் வருவதே இல்லை. அதைச் சொன்னால் ஊரில் பேச்சாகும். அந்த விஷயங்களில் அவிநாசிக்காரியும் ஒடிசாக்காரிதான்; அவருக்கும் அப்போது தலைவலிதான் வரும்.

உங்கள் பெரிய கேள்விக்கு இங்கேயே பாதி பதில் வந்துவிட்டது. பெண்கள் ஊருக்கு ஊர் வித்தியாசமாக நடந்துகொள்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் பெரும்பாலும் மனசின் அமைப்பில் போய் முடிவதில்லை. வாயைத் திறந்தால் என்ன இழப்பு, பின்னால் யார் இருக்கிறார்கள், சொத்து யார் கையில் என்று வந்து நிற்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. மேகாலயாவின் காசி சமூகத்தில் சொத்து தாய்வழியில் போகும், குடும்பத்து வீடு கடைசி மகளுக்கு. தான்சானியாவின் மசாய் சமூகத்தில் மாடும் அதிகாரமும் ஆண்கள் கையில். யூரி க்னீசி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் என்ற மூவர் இரண்டு இடத்திலும் ஒரே விளையாட்டை வைத்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி; அதில் டென்னிஸ் பந்தைப் பத்து முறை எறிய வேண்டும். விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் முகம் தெரியாத இன்னொருவரோடு போட்டி. அவரை விட அதிகம் போட்டால் மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றும் இல்லை. மசாய் ஆண்களில் 50 சதவீதம் பேர் போட்டிக்கு வந்தார்கள், பெண்களில் 26. காசிகளிடம் அப்படியே தலைகீழ்: பெண்கள் 54, ஆண்கள் 39. பெண்ணுக்குப் போட்டி மனப்பான்மை பிறவியிலேயே குறைவு என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அதற்காகக் காசி நாட்டைப் பெண்கள் ராஜ்ஜியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஊர் தர்பாரில் வழக்கப்படி உட்கார்ந்தவர்கள் ஆண்கள்தான்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலேயே பார்க்கலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் அக்கா தங்கச்சிகள் காரில் வந்து இறங்கி, அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால், "நகை போட்டுச் சீர் செஞ்சாச்சுங்க" என்கிறார்கள். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு 'கொங்குப் பெண்களுக்குச் சொத்து ஆசை கிடையாது, அது அவர்கள் மனசு' என்று எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். உங்கள் மேனேஜர் ஒடிசாக்காரியைப் பற்றிச் சொன்னதும் அதே ரகம்.

பதினைந்து நாடுகளின் தகவலை வைத்து 2009-ல் வந்த இன்னொரு ஆய்வு, மனச்சோர்வும் பதற்றமும் எல்லா இடத்திலும் பெண்களிடமே அதிகம் என்றது. ஆனால் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவு இளகிவரும் நாடுகளில், இளைய தலைமுறையில் மனச்சோர்வின் இந்த இடைவெளி குறைந்துகொண்டு வருவதும் அதிலேயே தெரிந்தது. பிறவிக் குணம் ஒரு தலைமுறையில் குறையுமா?

அந்த ஜெர்மன் பெண்மணியின் படிவத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு நிஜமான வித்தியாசம் இருக்கிறது. நான் என்பது என் விருப்பம், என் கருத்து என்று வளர்க்கும் சமூகங்கள் உண்டு. நான் என்பது என் சொந்தபந்தங்களுக்கு நடுவில் என் இடம் என்று வளர்க்கும் சமூகங்கள் உண்டு. ஹேசல் மார்கஸ், ஷினோபு கிதயாமா இருவரும் 1991-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பேச்சு எங்கள் துறையில் நிலைத்துவிட்டது. உங்கள் செக்கிங் அக்காவிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பையன் பத்தாவது எழுதறானுங்க, மாமனாருக்குத்தான் கால் முடியறதில்ல" என்பார். கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் 'உங்கள் மனநிறைவு ஐந்துக்கு எத்தனை' என்றால் நடுவில் இருப்பதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். ஜப்பான், தைவான் மாணவர்கள் அமெரிக்க மாணவர்களை விட நடு எண்ணை அதிகம் போடுகிறார்கள் என்பது 1995-லேயே பதிவான விஷயம். அதோடு, மார்க் போடும்போது எல்லாரும் தன்னைச் சுற்றி இருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறோம். ஒடிசாப் பெண் ஊரில் விட்டு வந்த தோழியை நினைத்து மூன்று போடுவாள். உள்ளூர் அக்கா கோயம்புத்தூர் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் கொழுந்தியாவை நினைத்து மூன்று போடுவார். இரண்டு மூன்றும் ஒன்றல்ல. படிவத்தை வாங்குவது சூப்பர்வைசர் என்றால் அந்த மூன்றுக்கு அர்த்தமே கிடையாது.

பையர் தரப்புக்கு இப்படி எழுதுங்கள்: மார்க் வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் எத்தனை நாள் சரியாகத் தூங்கினாய், லீவு கேட்டபோது என்ன பதில் வந்தது, வீட்டுக்கு எப்போது போன் பேசினாய், உடம்பு சரியில்லை என்றால் முதலில் யாரிடம் சொல்வாய். கேட்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது, அவரவர் பாஷையில் கேட்க வேண்டும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது? நீங்கள் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கும் சம்பளம் தருவது கம்பெனிதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள். ஹாஸ்டலில் அவள் பாஷை பேசும், கொஞ்சம் வயதில் மூத்த பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். எல்லாரும் 'தீதி' (அக்கா) என்று கூப்பிடும் ஆள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பிரச்சினைகளைக் கேட்க வைத்தார். அது பலன் தருகிறது என்று 2016-ல் முறையான சோதனையிலேயே நிரூபணமானது. உங்கள் ஹாஸ்டல் தீதியையும் அப்படித் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்காருங்கள். மனசு எப்படி இருக்கிறது, ஸ்ட்ரெஸ் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டாம். அப்பா என்ன வேலை செய்தார், கடைசியாக எப்போது பேசினார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் பேசினால் நடுவில் ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். பேசாவிட்டால் அடுத்த ஞாயிறும் உட்காருங்கள். அவள் சொன்னது எதுவும் கம்பெனி ரிஜிஸ்டரில் ஏறக் கூடாது.

அவள் ஊரில் இந்தச் சமயத்தில் மகள் என்ன செய்வாள் என்று தீதியிடம் கேளுங்கள். விளக்கு வைப்பதோ, யாருக்காவது சோறு போடுவதோ எதுவானாலும் ஹாஸ்டலிலேயே செய்ய இடம் கொடுங்கள். ஊருக்குப் போய்வர லீவும் டிக்கெட்டுக்கு அட்வான்ஸும் இப்போதாவது வாங்கிக் கொடுங்கள். காரியம் முடிந்துவிட்டதே என்று மேனேஜர் சொல்வார். அம்மா அங்கேதானே இருக்கிறார்?

துக்கம் தானாக ஆறும், பெரும்பாலானோருக்கு எங்களைப் போன்றவர்கள் தேவைப்படுவதில்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து குறைந்துகொண்டே போனாலோ, தன் மேலேயே பழி போட்டுக்கொண்டாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பல இந்திய மொழிகளில் கிடைக்கும், ஒடியாவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். போனைப் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

அப்புறம் அந்தச் சூப்பர்வைசரிடமும் பேச வேண்டும். திட்ட வேண்டாம், அவர் பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 'இவளைப் பார்த்துக் கத்துக்குங்க' என்று லைன் முன்னால் சொன்ன பிறகு அவள் அந்த லைனில் உட்கார்ந்து எப்படி அழுவாள்? பக்கத்தில் போய், "அன்னைக்கு நீ லீவு எடுத்திருந்தாலும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேம்மா" என்று அவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். தீதி அதை ஒடியாவில் சொல்லட்டும்.